மதுரை மக்களவைத் தொகுதி 1952–2024: பழைய கணக்கோடு புதிய கணக்கு ஏன் ஒட்டவில்லை?

வைகைக்கரை:

வணக்கம். மதுரை மக்களவைத் தொகுதியின் எல்லாத் தேர்தல் முடிவுகளையும் ஒரே அட்டவணையில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்படி எங்கள் பகுதிப் படிப்பகத்தில் ஒட்டுவதாகத் திட்டம். நாலு இடத்தில் முட்டுகிறது.

1952-க்கு இரண்டு பேர் பெயர் வருகிறது. யாரைப் போடுவது? அடுத்து, இணையத்தில் கிடைக்கும் ஒரு பட்டியலில் 1996-இல் வென்றது திரிணாமுல் காங்கிரஸ் என்றும் 1998-இல் பாஜக என்றும் இருக்கிறது. நம்பும்படி இல்லை. மூன்றாவது, 2004-இல் மதுரை கிழக்கில் விழுந்த வாக்கை 2009-இல் மதுரை கிழக்கில் விழுந்ததோடு வைத்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்காவது, 2024-க்குச் சட்டமன்றத் தொகுதி வாரியாக 188 முதல் 193 வரை ஆறு கோப்புகளைக் கூட்டிப் பார்த்தேன், அறிவித்த மொத்தத்தோடு பொருந்தவே இல்லை.

அட்டவணைக்கு மேலே 'இடதுசாரிகளின் கோட்டை' என்று தலைப்புப் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

தல்லாகுளம் கணக்கர்:

முதலில் பெயர்ப் பட்டியல். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1952: எஸ். பாலசுப்பிரமணியம், பி. கக்கன் (இருவரும் காங்கிரஸ்)
1957: கே.டி.கே. தங்கமணி (இந்தியக் கம்யூனிஸ்ட்)
1962: என்.எம்.ஆர். சுப்பராமன் (காங்கிரஸ்)
1967: பி. ராமமூர்த்தி (மார்க்சிஸ்ட்)
1971, 1977: ஆர்.வி. சுவாமிநாதன் (காங்கிரஸ்)
1980, 1984: ஏ.ஜி. சுப்புராமன் (இந்திரா காங்கிரஸ்)
1989, 1991: ஏ.ஜி.எஸ். ராம்பாபு (காங்கிரஸ்)
1996: ராம்பாபு மறுபடியும் (தமிழ் மாநில காங்கிரஸ்)
1998: சுப்பிரமணியன் சுவாமி (ஜனதா கட்சி)
1999, 2004: பி. மோகன் (மார்க்சிஸ்ட்)
2009: மு.க. அழகிரி (திமுக)
2014: ஆர். கோபாலகிருஷ்ணன் (அதிமுக)
2019, 2024: சு. வெங்கடேசன் (மார்க்சிஸ்ட்)

1952-இல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பொது, மற்றது பட்டியல் சாதியினருக்கு. இருவருமே சட்டப்படி மதுரை எம்.பி.தான், இரண்டு பெயரையும் போட வேண்டும். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், பிறகு காமராஜர் அமைச்சரவைக்குப் போனவர், இந்த வழியாகத்தான் முதலில் நாடாளுமன்றம் போனார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரட்டைத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. ஆகவே 1952-க்கு வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டி, வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்து 'வாக்குப்பதிவு சதவீதம்' என்று எழுதினால் தப்பாகத்தான் வரும். அந்த வரிசையில் சதவீதக் கட்டத்தைக் காலியாக விடுவதே மேல். ஆணையத்தின் அறிக்கையில் இந்தத் தேர்தலுக்கு 1951 என்று தலைப்பு இருக்கும். வாக்குப்பதிவு 1951 கடைசியில் தொடங்கி 1952-இல் முடிந்ததால் வந்த வேறுபாடு. இரண்டும் ஒரே தேர்தல்தான், தனித்தனி வரிசையாகப் போட்டுவிடாதீர்கள்.

திரிணாமுல் சமாச்சாரம் சுருக்கெழுத்தால் வந்த கோளாறு. மூப்பனார் 1996-இல் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரசுக்கும் வங்காளத்துத் திரிணாமுல் காங்கிரசுக்கும் ஆங்கிலத்தில் TMC என்று அதே மூன்றெழுத்து. யாரோ தானியங்கியில் விரிவாக்கியிருக்கிறார்கள். திரிணாமுல் பிறந்ததே 1998-இல்தான். அதே மாதிரி சுவாமி நின்றது ஜனதா கட்சியில். அந்தத் தேர்தலில் பாஜகவும் அதிமுக அணியில் இருந்ததால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள்.

சுப்பராமன், சுப்புராமன் இருவரும் வேறு ஆட்கள். முதலாமவர் 'மதுரை காந்தி' என்று பெயரெடுத்தவர், வைத்தியநாதய்யரோடு சேர்ந்து ஆலய நுழைவுக்கு நின்றவர். இரண்டாமவர் ராம்பாபுவின் தந்தை. பாதிப் பட்டியல்களில் 1962, 1980, 1984 மூன்றையும் ஒருவர் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

ஆனைமலை:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். 2004 மதுரை கிழக்கும் 2009 மதுரை கிழக்கும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான எல்லை மறுவரையறை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்யப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. மக்களவைக்கு அதன்படி நடந்த முதல் தேர்தல் 2009. அதற்கு முன் மதுரை மக்களவைத் தொகுதிக்குள் இருந்தவை மேலூர், சமயநல்லூர் (தனி), திருப்பரங்குன்றம், மதுரை மேற்கு, மதுரை மத்தி, மதுரை கிழக்கு. இப்போது இருப்பவை மேலூர், மதுரை கிழக்கு, மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மதுரை மத்தி, மதுரை மேற்கு.

பார்வைக்கு இரண்டு தொகுதி போய் இரண்டு வந்த மாதிரி தெரியும். உள்ளே நடந்தது அதைவிடப் பெரிது. பழைய மதுரை கிழக்கு நகருக்குள் இருந்த தொகுதி. 2001, 2006 இரண்டிலும் மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் ஜெயித்தது அங்கேதான். இன்றைய மதுரை கிழக்கு ஒத்தக்கடையும் சுற்றுக் கிராமங்களும் புறநகரும் கலந்தது. ஆகவே '2006-இல் மார்க்சிஸ்ட் வைத்திருந்த கிழக்குத் தொகுதி கைவிட்டுப் போனது' என்று எழுதினால் அபத்தம். அந்தத் தொகுதியே கலைந்து போய்விட்டது.

சமயநல்லூர் என்ற பெயரே பட்டியலில் இல்லாமல் போனது. அதுவரை பொதுத் தொகுதியாக இருந்த சோழவந்தான் தனித் தொகுதியானது. திருப்பரங்குன்றம் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குப் போனது.

இதன் விளைவு, மதுரை மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதிகள் மூன்று எம்.பி.க்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆறு மதுரைக்கு. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனிக்கு. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகருக்கு. 'மதுரை எய்ம்ஸ்' என்று எல்லாரும் சொல்கிறோம், 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய தோப்பூர் விருதுநகர் எம்.பி.யின் எல்லைக்குள் வருகிறது. 2009 ஜனவரியில் ஊரெல்லாம் பேசிய திருமங்கலம் இடைத்தேர்தலையும் இந்த அட்டவணையில் கொண்டுவந்து ஒட்டிவிடாதீர்கள்.

அட்டவணையில் 2004-க்கும் 2009-க்கும் நடுவே தடித்த கோடு ஒன்று இழுங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் சட்டமன்றத் தொகுதி வாரி ஒப்பீடு செய்யக் கூடாது. மக்களவைத் தொகுதி மொத்தத்தை ஒப்பிடலாம், அதிலும் எல்லை மாறியது என்று ஒரு அடிக்குறிப்பு வேண்டும்.

பூத்_சிலிப்:

நான்காவது கேள்வி எளிது: 190-ஐக் கூட்டியிருக்கிறீர்கள், 194-ஐ விட்டிருக்கிறீர்கள்.

எண்கள் இப்படி: 188 மேலூர், 189 மதுரை கிழக்கு, 190 சோழவந்தான், 191 மதுரை வடக்கு, 192 தெற்கு, 193 மத்தி, 194 மேற்கு. சோழவந்தான் நடுவில் இருந்தாலும் தேனியைச் சேர்ந்தது. ஆகவே மதுரைக்கு (மக்களவை எண் 32) எடுக்க வேண்டியவை 188, 189, 191, 192, 193, 194. வரிசையாக ஆறு என்று எடுக்கிற எல்லாருக்கும் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

முறையாகச் செய்ய:

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20-ஐ எடுங்கள். இதுதான் இறுதி முடிவுத் தாள். வாக்குச்சாவடி எண், ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்தது, செல்லுபடியான மொத்தம், நோட்டா என்று வரிசையாக இருக்கும். மக்களவைத் தேர்தலில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு கோப்பு.

ஆறு கோப்பையும் சரியாகக் கூட்டினாலும் அறிவித்த மொத்தம் வராது. ஏனென்றால் அது இயந்திர வாக்கு மட்டும். தபால் வாக்கு மக்களவைத் தொகுதி அளவில் தனியாக எண்ணிச் சேர்க்கப்படுகிறது. அதையும் கூட்டியபின் 2024-க்கு வர வேண்டியவை: வெங்கடேசன் 4,30,323, பாஜகவின் ராம சீனிவாசன் 2,20,914, அதிமுகவின் பா. சரவணன் 2,04,804. இந்த மூன்று எண்ணும் ஒத்துவந்தால் உங்கள் கணக்கு சரி. ஒத்து வரவில்லையென்றால் முதலில் பக்க மொத்தத்தைப் பாருங்கள். படிவம் 20-இல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை வருவதுண்டு. விரிதாளில் இழுத்துப் போடும்போது அதுவும் ஒரு வாக்குச்சாவடி போல் சேர்ந்துவிடும், மொத்தம் அப்படியே இரண்டு பங்காகும்.

இன்னொன்று. 2024-இல் 85 வயதைக் கடந்தவர்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வசதி இருந்தது. அது தபால் கணக்கில் போகும். வாக்குச்சாவடி வாரியாகப் பார்க்கும்போது அந்த வாக்கு எந்தத் தெருவினது என்று பிரித்தறிய வழியில்லை.

வாக்குச்சாவடி எண்ணை 2019-க்கும் 2024-க்கும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். அப்போது வாக்காளர் எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டினால் சாவடியைப் பிரித்தார்கள், பிரித்தால் அதற்குப்பின் வரும் எண்ணெல்லாம் நகர்ந்துவிடும். அந்தந்த ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து, பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருப் பெயரையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். மாநகராட்சி வார்டு எண் இதில் எதற்கும் உதவாது. 2011-இல் 72 வார்டு 100 ஆனபோது அதுவும் மாறிவிட்டது.

வாக்குச்சீட்டுக் காலத்துக்குச் சாவடி வாரி விவரம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதியே இருந்தது. எல்லாத் தொகுதியிலும் இயந்திரம் வந்தது 2004-இல்.

ஆரப்பாளையம் அரட்டை:

'கோட்டை' விஷயத்துக்கு வருவோம். 18 தேர்தலில் காங்கிரஸ் 8, மார்க்சிஸ்ட் 5, இந்தியக் கம்யூனிஸ்ட் 1, தமாகா, ஜனதா, திமுக, அதிமுக தலா 1. இரண்டு கம்யூனிஸ்டையும் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்குதான். தமாகாவையும் சேர்த்தால் காங்கிரஸ் பாரம்பரியம் 9. அப்படியென்றால் காங்கிரஸ் கோட்டை என்று போடுவீர்களா? 1991-க்குப் பிறகு அந்தக் கட்சி பெயரில் ஒருவரும் இங்கிருந்து போகவில்லை.

உண்மையான கதை கூட்டணிதான். 1967 முதல் 2004 வரை 11 தேர்தல். 11-லும் ஜெயித்தவர் திமுக, அதிமுக இரண்டில் ஒன்றின் தோளில் ஏறி வந்த வேறு கட்சிக்காரர். 1967-இல் ராமமூர்த்திக்குத் திமுக அணி. 1971-இல் சுவாமிநாதனுக்குத் திமுக, 1977-இல் அதே ஆளுக்கு அதிமுக. 1980-இல் சுப்புராமனுக்குத் திமுக, 1984-இல் அவருக்கே அதிமுக. ராம்பாபுவுக்கு 1989, 1991-இல் அதிமுக, 1996-இல் திமுக. 1998 சுவாமி அதிமுக தயவு. மோகனுக்கு 1999-இல் அதிமுக, 2004-இல் திமுக. வேட்பாளர் மாறவில்லை, வண்டி மட்டும் மாறியது.

மாநிலத்தை 1967-இலிருந்து மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சியும் மதுரை மக்களவைத் தொகுதியில் சொந்தச் சின்னத்தில் வென்றது ஒவ்வொரு முறைதான், 2009-இலும் 2014-இலும். சங்கம் வளர்த்த ஊர், திராவிட அரசியல் ஊறிய ஊர் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

1967 முதல் 2024 வரை நடந்த 15 தேர்தலையும் அணி வாரியாக எண்ணினால் திமுக பக்கம் 8, அதிமுக பக்கம் 7. யாருக்கும் கோட்டை கிடையாது. அட்டவணையில் 'கட்சி' பத்திக்குப் பக்கத்தில் 'அணி' என்று ஒரு பத்தி போடுங்கள், தலைப்பு தானாக வரும்.

தல்லாகுளம் கணக்கர்:

அரட்டை அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் 1957-ஐ அந்தக் கணக்கில் அடைக்க முடியாது. காமராஜர் முதல்வராக இருக்கும்போது, திராவிடக் கட்சி எதன் தோளிலும் ஏறாமல், தங்கமணி காங்கிரசைத் தோற்கடித்தார். மதுரையில் தொழிற்சங்கத்துக்கு என்று ஒரு அடித்தளம் இருந்தது. அதனால்தான் கூட்டணியில் இடதுசாரிக்கு எந்தத் தொகுதி என்று பேச்சு வரும்போது மதுரை திரும்பத் திரும்ப வருகிறது. கோட்டை என்று போட வேண்டாம், ஆனால் வெறும் வாடகை வீடு என்றும் சொல்லிவிட முடியாது.

1957-இல் அது பிளவுபடாத கட்சி. மார்க்சிஸ்ட் கட்சி பிரிந்தது 1964-இல். 1957-ஐ மார்க்சிஸ்ட் கணக்கில் சேர்க்கும் பட்டியலும் உலவுகிறது, கவனம்.

வாக்கு வித்தியாசத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். 2019-இல் வெங்கடேசன் 4,47,075, அதிமுகவின் ராஜ் சத்யன் 3,07,680, வித்தியாசம் 1,39,395. 2024-இல் வித்தியாசம் 2,09,409. பார்ப்பவர் என்ன நினைப்பார்? 70,000 வாக்கு கூடிவிட்டது என்று. நடந்தது வேறு. அவர் வாங்கிய வாக்கு 16,752 குறைந்திருக்கிறது. எதிரணி இரண்டாகப் பிரிந்ததால் இரண்டாம் இடத்தின் உயரம் இறங்கியது, அவ்வளவுதான். அதே சமயம் பாஜகவையும் அதிமுகவையும் கூட்டிப் பார்த்தால் 4,25,718. அப்போதும் வெங்கடேசன் 4,605 வாக்கு முன்னால் நிற்கிறார். 'பிரிந்ததால்தான் தோற்றார்கள்' என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை. சேர்ந்து நின்றிருந்தால் இருவரின் வாக்கும் அப்படியே ஒன்றாக விழுந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு ஜோடி. 2009-இல் அழகிரி 4,31,295. 2024-இல் வெங்கடேசன் 4,30,323. வெறும் 972 வித்தியாசம், ஒரே பலம் மாதிரி தெரியும். ஆனால் 2009-இல் பதிவானது 8 லட்சத்துக்குள், 2024-இல் 9.8 லட்சத்தை ஒட்டி. அழகிரி பாதிக்கு மேல் வாங்கினார், மோகன் 2,90,310-இல் நின்றார். வெங்கடேசனுக்குப் பங்கு 44 சதவீதத்தை ஒட்டித்தான். எனவே ஒவ்வொரு வரிசையிலும் வாக்கு, பங்கு, வித்தியாசம் மூன்றும் இருக்க வேண்டும்.

டெபாசிட் பத்தியும் போடுவதாக இருந்தால், பொதுப் பிரிவு வேட்பாளருக்கு 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். ஆறால் வகுக்கும்போது நோட்டாவைக் கழித்துவிட்டு வகுங்கள். நோட்டா பதிவான வாக்கு, செல்லுபடியான வாக்கு ஆகாது.

திருநகர் 3வது ஸ்டாப்:

இங்கே ஒரு துணைக் கேள்வி. திருநகர், ஹார்விபட்டி, அவனியாபுரம் எல்லாம் மதுரை மாநகராட்சிதானே? எங்கள் வாக்கு மதுரைக் கணக்கில் வராதா?

ஆனைமலை:

வராது. மாநகராட்சி எல்லை 2011-இல் விரிந்தது, தொகுதி எல்லை 2008-இல் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன மூன்று பகுதியும் திருப்பரங்குன்றம் (195), ஆகவே விருதுநகர். மேயர் மதுரைக்கு, எம்.பி. விருதுநகருக்கு. குறைபட வேண்டாம், உங்கள் வாக்குக்கு அங்கே மதிப்பு அதிகம். 2024-இல் மதுரையில் இரண்டு லட்சம் வித்தியாசம், விருதுநகரில் மாணிக்கம் தாகூர் தேமுதிகவின் விஜய பிரபாகரனை வென்றது 4,379 வாக்கில்.

வீடு மாறி அண்ணா நகர்ப் பக்கம் போனால் படிவம் 8 கொடுக்க வேண்டும். படிவம் 6 புதிதாகச் சேருபவர்களுக்கு. பலர் 6-ஐக் கொடுத்து இரண்டு இடத்தில் பெயர் வந்து, பிறகு ஒன்றை நீக்குகிறேன் என்று போய் இரண்டும் நீங்கி நிற்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 1950-க்குப் போன் போட்டு அடையாள அட்டை எண்ணைச் சொன்னால் தொகுதியும் பாகமும் சொல்வார்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. 190-ஐ எடுத்துவிட்டு 194-ஐப் போட்டேன், தபாலையும் சேர்த்தேன், மூன்று எண்ணும் உட்கார்ந்துவிட்டன. 'அணி' பத்தியும் சேர்க்கிறேன். வாக்குப்பதிவு சதவீதத்தில் ஒன்று மட்டும்: 2019-க்கு மதுரையில் நேரம் கூடுதலாக இருந்ததாகப் படித்தேன், அதைக் குறிக்க வேண்டுமா?

பூத்_சிலிப்:

குறியுங்கள். 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, அன்றைக்கே மீனாட்சியம்மன் தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். அதனால் மதுரை மக்களவைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள். 2024-இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, அழகர் இறங்கியது 23. அந்தச் சிக்கலும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. இரண்டு ஆண்டின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதும் முன், மணிக்கணக்கு வேறு என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள். 2009-க்கும் சேர்த்து ஒப்பிட்டால் வாக்காளர் பட்டியலும் பெருத்திருக்கிறது. அன்றைக்கு 10 லட்சத்தை ஒட்டி, 2024-இல் 15 லட்சத்துக்கு மேல். ஊர் மாறிப் போனவர்கள், இறந்தவர்கள் பெயர் நீங்காமல் கிடந்தால் சதவீதம் தானாகவே இறங்கும்.